ஆடிப்பெருக்கு அன்னிக்கு மாட்டின ராம்

போன வாரம் சென்னையிலேர்ந்து நண்பர் ஒருத்தர் கூப்பிட்டாரு. "வீட்ல ஒரு பழைய லேப்டாப் இருக்கு. ரொம்ப மெதுவா ஓடுது. விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஓட அப்டேட்டும் நின்னுபோச்சாம். எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்"னாரு.

"அதுல ராம் எவ்வளவு இருக்கு?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் பாக்கலையே"ன்னாரு.

"அதைப் பாக்காம எடைக்குப் போடாதீங்க"ன்னு சொன்னேன். வாழைக்கு மண் அணைச்சுக்கிட்டு இருக்கிற ஆளு ராம் பத்திப் பேசுறானேன்னு அவருக்கு ஒரே சிரிப்பு. நானும் ஒரு காலத்துல பாக்காம இருந்தவன்தான். கிட்டத்தட்ட வீட்டுக்காரம்மா செயினை அடகு வைக்கிற வரைக்கும் போனவன். அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிடுறேன்.

எங்க ஊரு உத்தமர்சீலி பக்கம். திருவானைக்காவல்லேர்ந்து கல்லணை போற ரோட்டுல, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற பூமி. ரெண்டு பக்கமும் வாழைதான். 2009ல பூவன் தார் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம், திருச்சியில சொல்லி ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணி வாங்கினேன். இன்டெல் டூயல் கோர், ஜி31 சிப்செட் போர்டு, 1 ஜிபி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. கணக்கு எழுதவும் சாயங்காலம் நாலு வரி தமிழ்ல தட்டவும் அது போதுமா இருந்துச்சு. நடுவுல யாரோ விண்டோஸ் 7 போட்டுக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் இழுத்துக்கிட்டுத்தான் ஓடுச்சு. நான் கண்டுக்கல.

2020 வந்துச்சு. அந்த வருஷத்தை விவசாயி யாரும் மறக்க மாட்டான். எட்டு வருஷத்துக்கு அப்புறம் மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்தாங்க. காவிரியில தண்ணி வந்துச்சு. ஆனா கையில காசு வரல. கல்யாணம் இல்ல, கோயில் இல்ல, ஓட்டல் இல்ல. இலை அறுத்தா வாங்க ஆள் இல்ல. காந்தி மார்க்கெட்டை மூடிட்டு பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாத்தியிருந்தாங்க. அங்க கொண்டுபோய் இறக்கின தாருக்கு வண்டி வாடகை போக மிச்சம் எண்ணிப் பாக்கவே கூச்சமா இருக்கும்.

அந்த ஜூலையில பொண்ணுக்கு பிளஸ் டூ ஆன்லைன் கிளாஸ் ஆரம்பிச்சுது. பையன் எட்டாவது, அவனுக்கும் கிளாஸ். வீட்ல இருக்கிறது ஒரே ஒரு டச் போன். பையன் பாதி நேரம், பொண்ணு பாதி நேரம், நடுவுல வியாபாரி கூப்பிட்டா எனக்கு. பாவம், பொண்ணு வாய் திறந்து ஒன்னும் கேக்கல. ஒருநாள் ராத்திரி பக்கத்து வீட்டுப் புள்ளையோட நோட்டை வாங்கி வச்சு, விட்டுப்போன பயாலஜி பாடத்தைப் படம் உட்பட காப்பி பண்ணிக்கிட்டு இருந்தா. மணி பதினொன்னு. அப்பதான் எனக்கு உறைச்சுது.

"பாப்பா, கம்ப்யூட்டர்ல பாக்க முடியாதா?"

"பாத்துட்டேம்ப்பா. கிளாஸ் லிங்க்கை அமுக்கினா எட்டு நிமிஷம் சுத்துது. உள்ள போனா மிஸ் வாய் அசையுது, சத்தம் வரல. அப்புறம் அப்படியே நின்னுடுது."

பழைய அரசு லேப்டாப் திட்டம் ஞாபகம் இருக்கும். 2011 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சது. பிளஸ் டூ புள்ளைங்களுக்குக் கிடைக்கும். எங்க தெருவுல நாலஞ்சு வீட்ல இருக்கு. என் பொண்ணு முறை வந்தப்ப வரல. கொரோனாவுல எல்லாம் நின்னுபோச்சு.

ஒரு திங்கக்கிழமை டவுனுக்குப் போனேன். சிபியு பெட்டியை டிவிஎஸ் எக்ஸ்எல் முன்னாடி வச்சு சாக்கு போட்டுக் கட்டிக்கிட்டு, மாம்பழச் சாலை தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெரிய கடை. கண்ணாடிக் கதவு போட்ட கடை. பெட்டியைத் திறந்துகூடப் பாக்கல அந்தப் பையன். "பதினோரு வருஷ போர்டு சார், இதுக்கு உயிர் அவ்வளவுதான். புதுசா போட்டுடுங்க. 32 ஆயிரத்துல லேப்டாப் இருக்கு, அதுவும் ஒன்னுதான் ஸ்டாக்"னான். வீட்லேர்ந்து படிக்கிற புள்ளைங்க எல்லாருக்கும் அப்ப லேப்டாப் தேவைப்பட்டுச்சு. அதனால அவன் பொய் சொன்னான்னும் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் பேசல. அடுப்படியிலேர்ந்து வந்து, "ஏங்க, செயினை வச்சுடுங்க. புள்ள படிப்புக்கு இல்லாம அது எதுக்கு?"ன்னா. நாலு பவுன். ஏற்கனவே தோடு கூட்டுறவு சங்கத்துல இருக்கு. சரின்னும் சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. வாய்க்காலைப் பாத்துட்டு வரேன்னு கிளம்பிட்டேன்.

மறுநாள் ஸ்ரீரங்கத்துல இலை கட்டு ஒன்னு கொடுக்கப் போனேன். அடையவளஞ்சான் வீதிப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழ சின்னதா ஒரு சர்வீஸ் கடை. ஒரு ஆள் உக்காந்தா இன்னொரு ஆள் நிக்கணும். அந்தத் தம்பிகிட்ட சும்மா புலம்பினேன். அவரு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"அண்ணே, கம்ப்யூட்டர் திணறும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க. ஒரு கட்டம் வரும். அதுல பெர்ஃபார்மன்ஸ்னு இருக்கும். சிபியு எவ்வளவு, மெமரி எவ்வளவுன்னு பாத்து போன்ல சொல்லுங்க."

அன்னிக்கு சாயங்காலமே பாத்தோம். கிளாஸ் லிங்க் சுத்திக்கிட்டு இருக்கும்போது சிபியு 30, 40ன்னு ஏறி இறங்குது. மெமரி மட்டும் 95லயே நிக்குது. பெட்டி முன்னாடி இருக்கிற சிவப்பு லைட்டு அணையாம எரியுது. உள்ள ஹார்ட் டிஸ்க் கரகரன்னு அரைக்குது.

"போர்டுக்கு ஒன்னும் இல்லண்ணே. இடம் பத்தல. ராம் போட்டா போதும்"னாரு தம்பி.

அவரு சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட விதம் இதுதான். ஹார்ட் டிஸ்க்குங்கிறது பத்தாயம். நெல்லு எவ்வளவு வேணா கொட்டி வைக்கலாம், ஆனா உள்ளயே வச்சுத் தூத்த முடியாது. ராம்ங்கிறது களம். வேலை அங்கதான் நடக்கும். சிபியு அடிக்கிற ஆளு. களம் சின்னதா இருந்தா எத்தனை ஆளு நின்னும் பிரயோஜனம் இல்ல. நாலு கட்டைப் போட்டதும் களம் நிறைஞ்சுடும். அடுத்த கட்டை இறக்கணும்னா ஏற்கனவே கிடக்கிறதை அள்ளி பத்தாயத்துல போட்டுட்டு, திரும்பத் தேவைப்படும்போது எடுத்துட்டு வரணும். ஆளுங்க அடிக்கிறதை விட்டுட்டு நாள் முழுக்கச் சுமந்துக்கிட்டே இருப்பாங்க. அந்த அணையாத சிவப்பு லைட்டு, அந்த கரகர சத்தம், எல்லாம் இந்தச் சுமக்குற வேலைதான். ஆளை மாத்த வேணாம், களத்தைப் பெருசாக்கினா போதும்.

இது புரிஞ்ச சந்தோஷத்துல நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். மறுநாள் சிங்காரத்தோப்பு பக்கம் வேற வேலையாப் போனவன், ஒரு கடையில "2 ஜிபி ராம் குடுங்க"ன்னு கேட்டு 900 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தா உள்ள ஒரு ஊரே இருக்கு. பல்லி முட்டை ரெண்டு, எறும்புப் புத்து மாதிரி மண்ணு, வாழைச்சருகுத் தூசி. எல்லாத்தையும் பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிட்டு ராமை வச்சா உக்கார மாட்டேங்குது. திருப்பி வச்சேன். அப்பவும் இல்ல. கட்டைவிரலால அழுத்தப் போனேன். நல்லவேளை, பொண்ணு கையைப் பிடிச்சுட்டா. "அப்பா, ரெண்டுலயும் நடுவுல இருக்கிற வெட்டு வேற வேற எடத்துல இருக்கு பாருங்க"ன்னா.

என் போர்டு டிடிஆர்2. நான் வாங்கினது டிடிஆர்3. ரெண்டுக்கும் பல்லு 240தான், நீளமும் ஒன்னுதான், பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா ஒன்னு 1.8 வோல்ட்ல ஓடும், இன்னொன்னு 1.5 வோல்ட். மாத்தி மாட்டிடக் கூடாதுன்னுதான் நடுவெட்டை இடம் மாத்தி வச்சிருக்காங்க. நான் அழுத்தியிருந்தா ராமும் போயிருக்கும், போர்டும் போயிருக்கும். அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்காரன் சொன்னதும் உண்மையாயிருக்கும். வாங்கின கடையில திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. கேக்காம வாங்கினது என் தப்பு.

ஆகஸ்ட் 1, சனிக்கிழமை. இந்தத் தடவை பழைய ராமைக் கழட்டி, பேப்பர்ல சுத்தி, சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஸ்ரீரங்கம் போனேன். தம்பி அதைப் பாத்தாரு, மேல ஒட்டியிருந்த சீட்டைப் படிச்சாரு. "டிடிஆர்2, 800. உங்க போர்டுல ரெண்டு சிலாட்டுதான், 4 ஜிபி வரைக்கும்தான் ஏத்துக்கும். ரெண்டு 2 ஜிபி போட்டுடலாம். ஒரே அளவா ரெண்டு போட்டா ஜோடியா வேலை செய்யும்"னாரு. டிடிஆர்2 புதுசு கடையில கிடைக்காத காலம். ஊரடங்குல மூடின ஒரு பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களை அவரு மொத்தமா வாங்கி வச்சிருந்தாரு. அதுலேர்ந்து ரெண்டு கழட்டிக் குடுத்தாரு. ஒன்னு 600, ரெண்டும் 1,200. "ஓடலன்னா திருப்பிக் குடுங்க"ன்னும் சொன்னாரு.

பெட்டியை எடுத்துட்டு வந்து அவர்கிட்டயே மாட்டியிருக்கலாம். ஆனா மறுநாள் ஞாயித்துக்கிழமை. அந்த மாசம் பூரா ஞாயிறுன்னா முழு ஊரடங்கு. திங்கக்கிழமை பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி கிளாஸ். "நீங்களே மாட்டுங்க, போன்ல சொல்றேன்"னாரு.

அந்த ஞாயிறு ஆகஸ்ட் 2, ஆடிப்பெருக்கு. மத்த வருஷமா இருந்தா அம்மா மண்டபம் படித்துறையில கால் வைக்க இடம் இருக்காது. புதுத் தாலிக்கயிறு, காதோலை கருகமணி, சித்ரான்னம், பொண்ணுங்க கூட்டம். அந்த வருஷம் தண்ணி மட்டும் தனியா ஓடிக்கிட்டு இருந்துச்சு. எங்க ஊர்லயும் வாய்க்கால் கரையில ரெண்டு பேரு, மூணு பேருன்னு போய் மஞ்சள் வச்சுட்டு வந்தாங்க. வீட்ல எலுமிச்சை சோறு, தேங்காய் சோறு. சாப்பிட்டுட்டு நானும் பொண்ணும் திண்ணையில பெட்டியைச் சாய்ச்சு வச்சு உக்காந்தோம்.

தம்பி போன்ல சொல்லச் சொல்ல செஞ்சோம். முதல்ல வயரைப் பிடுங்கணும், சுவிட்சை அணைச்சா மட்டும் பத்தாது. பிடுங்கின பிறகு பவர் பட்டனை ஒருதடவை அமுக்கி, மிச்சம் இருக்கிற கரண்ட்டை இறக்கணும். பெட்டியோட இரும்பைத் தொட்டுக்கணும், உடம்புல இருக்கிற மின்சாரம் சில்லுல இறங்கிடக் கூடாது. ராமை ஓரத்துலதான் பிடிக்கணும், தங்கப் பல்லுல விரல் படக் கூடாது. வெட்டைப் பாத்து நேரா வச்சு, ரெண்டு ஓரத்துலயும் சமமா அமுக்கினா பக்கத்துல இருக்கிற வெள்ளைக் கொக்கி தானா வந்து 'டக்'குன்னு கவ்வும்.

கவ்வுச்சு. வயரைச் சொருகி ஆன் பண்ணோம். ஃபேன் சுத்துது. திரையில ஒன்னும் இல்ல. பீப்... பீப்... பீப்...

வீட்டுக்காரம்மா வாசல்ல வந்து நின்னா. எதுவும் கேக்கல. கை மட்டும் கழுத்துச் செயின் மேல இருந்துச்சு.

தம்பிக்குப் போன் போட்டேன். "பயப்படாதீங்கண்ணே, அது ராமைத் தேடுது. வீட்ல பென்சில் அழிக்கிற ரப்பர் இருக்கா?"ன்னாரு. நான் விளையாடுறாருன்னு நெனச்சேன். பையன் ஜாமெட்ரி பாக்ஸ்லேர்ந்து எடுத்தோம். ரெண்டு ராமையும் திரும்பக் கழட்டி, பல்லு இருக்கிற ஓரத்தை ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, தூளைத் துடைச்சு, சிலாட்டையும் பிரஷ்ஷால சுத்தம் பண்ணி, திரும்ப மாட்டினோம். பல வருஷம் கிடந்த ராம்ல அழுக்குப் படிஞ்சா தொடர்பு கிடைக்காது, அவ்வளவுதான் விஷயம். இந்த ரப்பர் வைத்தியம் ஊர்ல இருக்கிற எல்லா மெக்கானிக்குக்கும் தெரியுமாம். எனக்குத்தான் அன்னிக்குத் தெரிஞ்சுது.

இந்தத் தடவை ஒரே ஒரு சின்ன பீப். திரையில எழுத்து ஓடுச்சு. பொண்ணு கைதட்டினா.

உள்ள போய்ப் பாத்தா 4 ஜிபின்னு போட்டு, பக்கத்துல 3.25 கிட்டத்தான் பயன்படும்னு இருக்கு. ஏமாத்திட்டாரோன்னு சந்தேகம். அப்படி இல்ல. அதுல இருந்தது 32 பிட் விண்டோஸ். அதால கொடுக்க முடிஞ்ச விலாசமே மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296தான். ஒரு பைட்டுக்கு ஒரு விலாசம்னு கணக்குப் போட்டா சரியா 4 ஜிபி. அந்த நம்பர்லயே கொஞ்சத்தை திரைக்கும் மத்த கருவிகளுக்கும் ஒதுக்கிடும். மிச்ச ராமுக்கு நம்பர் இல்ல. நிலம் இருக்கு, சர்வே நம்பர் இல்ல, அதனால பட்டா கிடையாதுன்னு வச்சுக்கங்க. நமக்குப் பழகின விஷயம்தானே.

திங்கக்கிழமை காலையில போனை வயர் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகி, அந்த நெட்டுல பொண்ணு கிளாஸ் பாத்தா. அதே போன்லயே பையன் அவன் கிளாஸைப் பாத்தான். லிங்க்கை அமுக்கி ஒரு நிமிஷத்துக்குள்ள டீச்சர் குரல் கேட்டுச்சு. வீடு பூரா கெமிஸ்ட்ரி. வாழைக்குத் தண்ணி கட்டப் போகாம நானும் கொஞ்ச நேரம் நின்னு கேட்டேன். ஒன்னும் புரியல. நல்லா இருந்துச்சு.

உள்ளதைச் சொல்லணும்ல, எல்லாம் சரியாயிடல. ஆன் ஆகுறதுக்கு அப்பவும் மூணு நிமிஷம் ஆகும், ஏன்னா பழைய டிஸ்க்தான். மழை மூடினா நெட்டு போயிடும், அதுக்கு ராம் என்ன பண்ணும்? விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட பாதுகாப்பு அப்டேட்டும் நின்னிருந்துச்சு. அடுத்த வருஷம் அதே தம்பி 64 பிட் லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுத்தாரு. அதுக்கு ஒரு பைசா கிடையாது. பட்டா இல்லாத ராமுக்கும் நம்பர் கிடைச்சுது. அப்புறம் பழைய டிஸ்க்கை மாத்தி 120 ஜிபி எஸ்எஸ்டி. இதை நான் தட்டிக்கிட்டு இருக்கிறது அதே 2009 பெட்டியிலதான்.

இன்னொரு வேடிக்கை. 2021 ஜூன்ல பிளஸ் டூ பொதுத்தேர்வையே ரத்து பண்ணிட்டாங்க. மார்க்கை பத்தாவதுலேர்ந்து 50, பிளஸ் ஒன்லேர்ந்து 20, பிளஸ் டூ செய்முறை, அக மதிப்பீட்டுலேர்ந்து 30ன்னு பிரிச்சுப் போட்டாங்க. "அப்ப இவ்வளவு பாடுபட்டது வீணா?"ன்னு கேட்டேன். "படிச்சது எங்கப்பா போகும்?"னா பொண்ணு. நாவலூர் குட்டப்பட்டு மகளிர் தோட்டக்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதும் அந்தக் கம்ப்யூட்டர்லதான். அங்கயே படிச்சு முடிச்சுட்டா. இப்ப என் வாழைக்கு என்ன உரம், எத்தனை கிராம்னு என்னையே அதட்டுறா.

அதுக்கப்புறம் எங்க தெருவுல பரண்ல கிடந்த அரசு லேப்டாப்புகளை இறக்கினோம். நான் திறந்து பாத்த மூணுலயும் 2 ஜிபிதான் இருந்துச்சு. லேப்டாப் ராம் பாதி நீளம்தான் இருக்கும், டெஸ்க்டாப் ராம் அதுல சேராது. ரெண்டு லேப்டாப் 4 ஜிபி போட்டதும் எழுந்துக்கிச்சு. மூணாவதுக்கு போர்டே போயிருந்துச்சு, அதுக்கு ராம் வாங்கல. நான் தப்பா வாங்கின 900 ரூபாய் டிடிஆர்3 ரெண்டு வருஷம் அலமாரியில கிடந்து, பக்கத்து ஊர் உரக்கடை கம்ப்யூட்டர்ல ஏறுச்சு.

சென்னை நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். முதல்ல அந்த மூணு பட்டனை அமுக்கிப் பாருங்க. மெமரி 90க்கு மேல நின்னா ராம். மெமரி சும்மா இருந்து டிஸ்க் மட்டும் 100ல நின்னா எஸ்எஸ்டி. ரெண்டும் சும்மா இருந்தா உங்க நெட்டைப் பாருங்க. ராம்னு முடிவானா டிடிஆர் எத்தனை, சிலாட்டு எத்தனை, போர்டு எவ்வளவு தாங்கும்னு கேட்டுட்டு வாங்குங்க. முடிஞ்சா பழசைக் கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஒல்லியான லேப்டாப் சிலதுல ராமை போர்டோட பற்றவச்சிருப்பான், அதுல ஒன்னும் பண்ண முடியாது. புது ராம் விலை வேற இப்ப ஏறிக்கிடக்கு, ஏஐ கம்பெனிகளுக்கே சில்லு போயிடுதாம். அதனால பழசுல நல்லது கிடைச்சா யோசிக்காதீங்க.

நேத்து ராத்திரி அவரு கூப்பிட்டாரு. ஒரு சிலாட்டு காலியா இருந்துச்சாம். 4 ஜிபி வாங்கிப் போட்டுட்டாராம். ஊருக்கு வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்னு கேட்டாரு. ஒரு ரப்பர் வாங்கிட்டு வாங்கன்னேன்.

செயின் என்னாச்சுன்னு கேப்பீங்க. அந்த வருஷம் அது கழுத்துலயே இருந்துச்சு. அடுத்த வருஷம் உரத்துக்குப் போச்சு, தார் வெட்டினதும் திரும்பி வந்துடுச்சு. விவசாயி வீட்டு நகை அப்படித்தான், போயிட்டுப் போயிட்டு வரும். ஆனா 2,100 ரூபாயில முடிய வேண்டியதுக்கு, என்ன குறைன்னு பாக்காமலே அதை அனுப்ப இருந்தேன். அதை நெனச்சா இன்னைக்கும் அவ முகத்தைப் பாக்க எனக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.